ஒத்துப்போகாத படங்கள்

அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா போனில் கேட்கும்போதெல்லாம் சந்திரலேகா, "டாக்டருங்களுக்குப் படம் அனுப்புத வேலைம்மா" என்றுதான் சொல்வாள். அதற்கு மேல் விளக்கப் போனால் அம்மாவுக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருந்த ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு வேலை. அதன் தோல் நோய்ப் பிரிவு 2004-இல் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கியிருந்தது. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களின் தோலில் வரும் படை, தடிப்பு, புண், நிறம் மாறிய திட்டு எல்லாவற்றையும் டிஜிட்டல் கேமராவில் படம் பிடிப்பார்கள். அந்தப் படங்கள் வெளியூர் தோல் மருத்துவர்களுக்குப் போகும். அவர்கள் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து, திட்டின் ஓரத்தைக் கோடு போட்டுக் காட்டி, இன்ன நோய் என்று குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். நாளைக்கு எங்கோ ஒரு கிராமத்துச் சுகாதார நிலையத்திலிருந்து படம் மட்டும் வந்தால் போதும், நோயைச் சொல்லிவிடலாம் என்று நிரூபிப்பதுதான் நோக்கம்.

ஒவ்வொரு படத்தையும் இரண்டு மருத்துவர்கள் பார்ப்பார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியக் கூடாது. இருவரும் ஒன்றையே சொன்னால் படம் தொகுப்பில் சேரும். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவதாக ஒரு மூத்த மருத்துவருக்குப் போகும். படத்தில் பெயர் கிடையாது, ஒரு எண் மட்டும்தான். இந்த ஏற்பாடு முழுவதும் சந்திரலேகாவின் தலையில். சி.டி. எழுதுவது, கூரியரில் போடுவது, வந்து சேர்ந்ததா என்று கேட்பது, கேட்டதையே மறுபடி கேட்பது. மதுரை டாக்டரம்மா சி.டி. கிடைத்த வாரமே முடித்து அனுப்பிவிடுவார். கோயம்புத்தூர் டாக்டரிடம் மாதக்கணக்கில் நடக்க வேண்டும். ஒருமுறை அவர் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்து எல்லாம் அழிந்தது. இன்னொரு முறை கிளினிக் பையனை விட்டுக் கோடு போட வைத்திருந்தார். அது தெரிந்ததும் அத்தனையும் முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று.

பூமாரியை அவள் பார்த்தது ஒரு முகாமில். கார்களுக்கு ஒயர்க் கட்டு செய்யும் கம்பெனியின் கேன்டீனில் இரண்டு மேசைகளை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் வந்தவர்களைப் பயிற்சி மருத்துவர் ஒருவர் வேகவேகமாகப் பார்த்துக் களிம்பு எழுதிக் கொடுக்க, படம் எடுக்க வேண்டியவர்களைச் சந்திரலேகாவிடம் அனுப்பினார். ஊதாச் சட்டை யூனிபாரத்தில் ஒல்லியாக ஒரு பெண் வந்து, பச்சைக் கண்ணாடி வளையல்களை மேலே தள்ளிவிட்டு வலது முன்கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் வெளுத்த திட்டு.

"தேமல்னு சொன்னாரு டாக்டரு. ரொம்ப நாளா போகவே மாட்டேங்கு."

பேச்சைக் கேட்டதும் சந்திரலேகா நிமிர்ந்து பார்த்தாள். "எந்த ஊரு?"

"விளாத்திகுளம் பக்கம். நீங்க?"

"அம்பை."

"அப்ப நம்ம ஊரு அக்காதான்" என்று அந்தப் பெண் சிரித்தாள். பக்கத்தில் நின்ற தோழியை இழுத்து, "ஏட்டி, இவங்க நம்ம ஊராம்" என்று காட்டினாள்.

இது ஆராய்ச்சி, சிகிச்சை இல்லை என்று தொடங்கும் ஒப்புதல் வாசகத்தைச் சந்திரலேகா வழக்கம்போலப் படித்துக் காட்டினாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. பூமாரி கேட்டாளோ இல்லையோ, கையெழுத்துப் போட்டாள். திட்டுக்குப் பக்கத்தில் சின்ன அளவுகோலை வைத்துப் படம் எடுத்து முடித்ததும், கையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"இது என்னன்னு எப்பக்கா தெரியும்?"

"பெரிய பெரிய டாக்டருங்க பாக்கணும்லா. பாத்துட்டுச் சொல்லுவாங்க."

எங்களுக்குச் சொல்வார்கள் என்ற அர்த்தத்தில்தான் சந்திரலேகா சொன்னாள். தனக்குச் சொல்வார்கள் என்று பூமாரி எடுத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் இருவருக்குமே அது தெரியவில்லை.

தீபாவளி கழிந்துதான் கோயம்புத்தூரிலிருந்து விடைகள் வந்தன. மதுரை விடைகளோடு அவற்றைப் பொருத்திப் பார்த்துக்கொண்டு வந்தவள் ஒரு படத்தில் நின்றுவிட்டாள். மதுரை டாக்டரம்மா தேமல் என்று குறித்திருந்தார். கோயம்புத்தூர் டாக்டர் தொழுநோய் என்று குறித்து, ஓரளவு நிச்சயம் என்றும் போட்டிருந்தார். படத்தின் மூலையில் பச்சை வளையலின் விளிம்பு தெரிந்தது. எண்ணைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

அவள் நேராக டாக்டர் வனமாமலையின் அறைக்குப் போனாள். ஆராய்ச்சியின் தலைவர் அவர். கோபப்படத் தெரியாதவர், பேசும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார்.

"சார், இந்தப் பொண்ணை எனக்குத் தெரியும். கூப்பிட்டுப் பாத்துரலாமா?"

அவர் திரையை நீண்ட நேரம் பார்த்தார்.

"ஒருத்தர் ஆமாங்கறார், ஒருத்தர் இல்லேங்கறார். நானே இப்ப பாத்தா இல்லேன்னுதான் சொல்லுவேன்னு தோணுது. சந்திரலேகா, அந்தப் பொண்ணு கூட வேலை பாக்கறவங்களோட வாடகை ரூம்ல இருக்கும், அசெம்ப்ளி லைன்ல வேலை பாக்குது. இந்தப் பேரை ஒரு தடவை காதுல போட்டுட்டோம்னா, அப்புறம் இல்லேன்னு ஆனாலும் அது போகாது. ரூம்ல சேக்க மாட்டாங்க. கம்பெனி மறுநாளே அனுப்பிடும். எத்தனை பேரைப் பாத்திருக்கேன்."

"பேரைச் சொல்ல வேண்டாம் சார். சும்மா வரச் சொல்லிப் பாக்கலாமே."

"எதுக்குன்னு சொல்லிக் கூப்பிடுவீங்க? படம் பாக்கற ஒரு ரீடர் சொன்னதை வெச்சு ஒருத்தரைக் கூப்பிட்டா, மத்தவங்களை ஏன் கூப்பிடலைன்னு ஆராய்ச்சிக் கமிட்டி கேக்கும். மூணாவது ரீடர் பாக்கட்டும். அவர் ஆமான்னா உடனே கூப்பிடலாம். பாண்டுரங்கன் சார் பாத்தா தப்பாது."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அன்றைக்கே தனி சி.டி. எழுதி, மேலே 'அவசரம்' என்று போட்டு, சந்திரலேகா சென்னையில் இருந்த பாண்டுரங்கனுக்குக் கூரியர் அனுப்பினாள். மறுநாள் போன் செய்தபோது வேலைக்காரர்தான் எடுத்தார். ஐயா மகளைப் பார்க்க வெளிநாடு போயிருக்கிறார், வர நாளாகும் என்றார். வேறு ஒருவரை மூன்றாவதாக வைக்கலாமே என்று கேட்டாள். மூன்றாவது ஆள் நடுவில் மாறினால் முன்னால் பார்த்த படங்களெல்லாம் கணக்கில் கெட்டுப்போகும் என்று வனமாமலை வருத்தத்தோடு தலையாட்டினார்.

மார்கழியில் ஒரு நாள் சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்தில் பூமாரி அவளைப் பார்த்துவிட்டாள். ஷிப்ட் முடிந்து வந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, நம்ம படம் என்னாச்சி?"

"இன்னும் ஒரு டாக்டரு பாக்கணும்மா. அவரு ஊர்ல இல்ல."

"ரெண்டு வெரலு மரத்தாப்ல இருக்குக்கா. இந்தச் சுண்டு வெரலும் பக்கத்து வெரலும். கனெக்டர்ல ஒயரை அமுக்கித் தள்ளணும்லா, பிடி நிக்க மாட்டேங்கு. வேலைப் பளுவா இருக்கும்னு சூப்பர்வைசர் சொல்லுதாரு."

"நீ எதுக்கும் ஒருக்க கவர்மென்ட் ஆஸ்பத்திரில போயிக் காட்டிட்டு வந்துரேன்."

"போலாம்னுதான் லீவு கேட்டேன். பெறகு, நீங்கதான் பாத்துக்கிட்டு இருக்கீங்கள்ளா, எதுக்கு லீவை வீணாக்கணும்னு விட்டுட்டேன்." பூமாரி அவள் முகத்தையே பார்த்தாள். "ஏதும் இருந்தா நீங்க சொல்லாமயா இருப்பீங்க?"

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நெஞ்சு வரைக்கும் வந்தது. சுற்றிலும் ஊதாச் சட்டைகள், ஒருத்தி பூமாரியின் தோளில் சாய்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். வனமாமலை சொன்னது ஞாபகம் வந்தது. "போயிக் காட்டுட்டி. கண்டிப்பா போ" என்று மட்டும் சொன்னாள். பேருந்து வந்து நின்றது. பூமாரி தலையை ஆட்டிவிட்டுப் படியில் தொற்றிக்கொண்டாள். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனாள்.

அதற்கப்புறம் சந்திரலேகா சுங்குவார்சத்திரத்தில் இறங்குவதைத் தவிர்த்தாள்.

பாண்டுரங்கன் திரும்பி வந்த செய்தி பொங்கலுக்கு வெகு நாள் கழித்துக் கிடைத்தது. கூரியரை நம்பாமல் தானே இன்னொரு சி.டி.யோடு சென்னைக்குப் போனாள். வயதானவர், கண் ஆபரேஷன் செய்துகொண்டவர். அவளை உட்காரவைத்துக் காபி கொடுக்கச் சொல்லிவிட்டுத் திரைக்கு மிக அருகே முகத்தை வைத்துப் பார்த்தார்.

"இதைப் படத்துல சொல்ல முடியாதும்மா. பஞ்சால தொட்டுப் பாக்கணும், உணர்ச்சி இருக்கான்னு. முழங்கை நரம்பை விரலால உருட்டிப் பாக்கணும். ரெண்டு நிமிஷ வேலை. அந்தப் பொண்ணை யாருமே தொட்டுப் பாக்கலையா?"

"இது ஆராய்ச்சிக்காக எடுத்த படம் சார்."

"அது சரி." அவர் மவுஸை எடுத்து, 'படத்தைக் கொண்டு தீர்மானிக்க இயலாது' என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். மூன்றாமவரும் தீர்மானிக்காத படம் தொகுப்பில் சேராது, விதி அப்படி. அவ்வளவு மாதம் காத்திருந்தது அந்த ஒரு சொடுக்குக்காகத்தான். "இப்ப எங்க இருக்கா அவ?" என்று அவர் கேட்டார். சந்திரலேகா காபியைக் குடிக்காமலே எழுந்துவிட்டாள்.

அன்றைக்கு அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பூந்தமல்லியில் பேருந்து மாறிச் சுங்குவார்சத்திரத்தில் இறங்கி, விசாரித்து விசாரித்துப் போனாள். நெடுஞ்சாலைக்குப் பின்னால், முன்பு கொல்லையாக இருந்த இடத்தில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட அறைகள். அறைகளின் உரிமையாளர் கங்கம்மாள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பூமாரியா? உள்ளதான் கீது. வேலைக்குப் போறதில்லமா இப்போ. ட்ரெயினிங் முடிஞ்சிபோச்சி, வாணான்ட்டானுங்க. கூட இருந்த பொண்ணுங்கள்லாம் வேற ரூம்பு பாத்துகினு போச்சிங்க. இது மட்டும் குந்திகினு கீது. இன்னா ஏதுன்னு கேட்டா வாயே தொறக்கறதில்ல. நீ அவுங்க அக்காவா?"

சந்திரலேகா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

பூமாரி சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்ததுதான் சந்திரலேகாவுக்குத் தாங்கவில்லை.

"வந்துட்டீங்களாக்கா. அந்த டாக்டரு பாத்துட்டாரா?"

"கையைக் காட்டு."

துப்பட்டாவை விலக்கினாள். சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளங்கையை நோக்கி மடங்கி நின்றன. விரல் ஓரத்தில் ஒரு தீக்காயம், சீழ் கட்டியிருந்தது.

"ஸ்டவ்ல பட்டிருக்கு போல. எனக்குத் தெரியவேயில்லக்கா. நாத்தம் வந்துதான் பாத்தேன்."

மறுநாள் காலை வனமாமலை தன் கையாலேயே அவளைப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். திட்டின் மேல் தொட்டபோது பூமாரி கண்ணை மூடியபடியே, "இன்னும் தொடலயே டாக்டர்" என்றாள். அவர் முழங்கையின் உட்புறத்தை விரலால் தடவினார். அங்கே நரம்பு கயிறுபோலத் தடித்திருந்ததைச் சந்திரலேகாவின் விரலையும் பிடித்து வைத்துக் காட்டினார். பாண்டுரங்கன் சொன்னதுபோல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அவரே பூமாரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். இது தொழுநோய், மாத்திரையில் முழுக்கக் குணமாகும், மாத்திரையை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது, மாத்திரை தொடங்கிவிட்டால் யாருக்கும் ஒட்டாது, பயப்பட வேண்டாம். பூமாரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில், "வெரலு நிமிந்துருமா டாக்டர்?" என்று கேட்டாள்.

"நரம்பு வீக்கத்துக்குத் தனியா மாத்திரை தர்றேன். முன்னாடியே வந்திருந்தா..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "பாக்கலாம்மா."

பூமாரி சந்திரலேகாவைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. "முன்னாடியே உங்களுக்குத் தெரியுமாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒரு டாக்டர் சந்தேகம்னு சொன்னாரு. இன்னொருத்தரு இல்லைன்னாரு."

"சந்தேகம்னாவது சொல்லிருக்கலாம்லா."

வனமாமலை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

கோடை முழுவதும் சந்திரலேகா வாரம் தவறாமல் பூமாரியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள். நரம்பு வீக்கத்துக்கான மாத்திரையில் பூமாரியின் முகம் உப்பியது. திட்டு மெல்ல நிறம் திரும்பியது. விரல்கள் திரும்பவில்லை. மெழுகில் கையை நனைத்துப் பயிற்சி செய்ய வைத்தார்கள், ராத்திரிக்குக் கட்டை வைத்துக் கட்டிவிட்டார்கள். கட்டையை எடுத்ததும் அவை மெதுவாகப் பழைய இடத்துக்கே மடங்கின. ஆபரேஷன் செய்து பார்க்கலாம், எழுதப் பிடிக்க உதவும், லைனில் வேலை செய்யும் வேகம் வராது என்று எலும்பு டாக்டர் சொன்னார். பூமாரி வேண்டாம் என்றுவிட்டாள்.

நோய் இன்னதென்று தெரிந்த பிறகும் கங்கம்மாள் அவளைப் போகச் சொல்லவில்லை. ஆனால் குடத்தை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளச் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே கூச்சமாக இருந்தது, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அந்த வாரமே ஊரிலிருந்து பூமாரியின் அண்ணன் இசக்கிதுரை வந்தான். அவனுக்கு நோயின் பெயரைச் சொல்லவில்லை, மிஷினில் கை மாட்டிக்கொண்டது என்று பூமாரியே சொல்லிவைத்திருந்தாள். கம்பெனியில் நியாயம் கேட்கப் போகிறேன் என்று அவன் குதித்தான். பூமாரி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "வேண்டாம்ணே, என் தப்புதான்" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு சந்திரலேகா பக்கத்தில் நின்றாள்.

அண்ணனோடு ஊருக்குப் பேருந்து ஏறும் முன் பூமாரி, "மாத்திரைய அங்கன வாங்கிக்கிடுதேன்" என்றாள். போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை.

சந்திரலேகா வேலையை விடுவதாக எழுதிக்கொண்டு போனாள். வனமாமலை வாங்கவில்லை. "நீங்க போயிட்டா இதைப் பத்தி நினைக்க ஆள் இருக்காது" என்றார். "அன்னைக்கே அந்தப் பொண்ணை நான் கூப்பிட்டிருக்கணும். உங்க மேல தப்பு இல்லை." ஏதாவது ஒரு மருத்துவர் பெரிய நோய் என்று குறித்தால் உடனே ஆளைக் கூப்பிட வேண்டும் என்று விதியை மாற்றக் கேட்டுக் கமிட்டிக்கு எழுதினார். நல்ல யோசனை, அடுத்த ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அவர் அவளிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, யாருடைய அனுமதியும் கேட்காமல், ஒத்துப்போகாததால் ஒதுக்கி வைத்த படங்களுக்குரியவர்களின் பெயர்களை எடுத்துக் கொடுத்தார்.

"கண்டுபிடிக்க முடிஞ்சா கூட்டிட்டு வாங்க. எந்த நேரமானாலும் நான் பாக்கறேன்."

முகாம் நடந்து வருடம் ஒன்றாகப் போகிறது. எல்லோரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். சந்திரலேகா ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் கேட் கேட்டாக ஏறி இறங்கினாள். "அந்தக் கான்ட்ராக்ட் மாறிப்போச்சும்மா" என்றார்கள் செக்யூரிட்டிகள். போன் நம்பர் கொடுத்திருந்தவர்களின் நம்பரில் வேறு யாரோ பேசினார்கள். வாடகை அறைகளில் புதிய ஆட்கள், புதிய பாய்கள். ஒரு பெண் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள், ஒருவன் துபாய். இன்னொருவனைப் பற்றிக் கேட்டபோது, அப்படி ஒரு ஆள் இருந்ததாகவே யாருக்கும் ஞாபகமில்லை.

கொம்பையா ஒருவன்தான் கிடைத்தான். இப்போது இரும்பு வார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை. அவன் குதிகாலில் இருந்த கறுப்புத் திட்டை ஒரு மருத்துவர் மச்சம் என்றும், மற்றவர் புற்றுநோயாக இருக்கலாம் என்றும் குறித்திருந்தார்கள். மதிய ஷிப்டுக்கு முன்னால் கேட்டுக்கு வெளியே அவனை நிறுத்தி, இந்த முறை சந்திரலேகா எதையும் மறைக்கவில்லை. சந்தேகம் என்றாள், என்ன சந்தேகம் என்றாள், இன்றைக்கே வர வேண்டும் என்றாள்.

கொம்பையா பாதுகாப்பு ஷூவின் நாடாவைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். நெற்றியில் வல்லக்கோட்டை முருகன் கோயில் விபூதி பூசியிருந்தான்.

"வலி ஒண்ணும் இல்லயே மேடம்."

"வலி வராது. அதுக்காக விட்டுரக் கூடாது தம்பி. ஒரு நாள் போதும்."

"ஒரு நாள் போனா மறுநாள் வேற ஆள் நிப்பான். போன மாசம்தான் சேந்திருக்கேன். தங்கச்சிக்கு ஆவணில கல்யாணம் வச்சிருக்கு. முடிச்சிட்டு வாரேன்."

"நான் பேசுதேன் உங்க கான்ட்ராக்டர்கிட்ட."

அவன் சட்டென்று நிமிர்ந்தான். "அவருகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. கையெடுத்துக் கும்புடுதேன்."

உள்ளே மணி அடித்தது. அவன் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு போனான். ஷிப்ட் முடியும்வரை சந்திரலேகா எதிரே இருந்த டீக்கடையில் காத்திருந்தாள். ஆட்கள் வெளியே வந்து கலைந்தார்கள். கொம்பையாவைக் காணவில்லை. பின்பக்கம் லாரி போகும் கேட் ஒன்று உண்டு என்று டீக்கடைக்காரர் சொன்னார்.

மறு வாரம் போனபோது அவன் அங்கே இல்லை. யாரோ ஒரு அம்மா தேடி வருகிறார் என்று பயந்து ஓசூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கூட வேலை செய்தவன் சொன்னான். "எதுக்கு மேடம் அவனைத் தேடுறீங்க? எதாச்சும் தப்புப் பண்ணிட்டானா?"

"இல்லப்பா" என்றாள் சந்திரலேகா. "அவன் ஒண்ணும் பண்ணல."

ஓசூரில் எந்தக் கம்பெனி என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை.